அல்சே வெரெட் ஒட்டிய கிரீடங்கள்

பசை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பத்து வயதில் இறால் கொட்டகையில் தலை கிள்ளினேன். இருபதில் திருவிழா ஊர்வலக்காரர்களுக்குச் சட்டை தைத்தேன். முப்பத்தைந்தில் செயின்ட் ரோக் தெருவில் சொந்த வீடு, அதிலேயே சொந்தக் கடை. இன்றைக்கு இந்த நியூ ஆர்லியன்ஸில் உடையை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடுகிற எந்த பர்லெஸ்க் ஆட்டக்காரி தலையில் கிரீடம் வைத்துக் கையில் இறகு விசிறி பிடித்து மேடையேறினாலும், பாதி என் மேஜையிலிருந்து போனதாக இருக்கும். மீதிப் பாதி என்னுடையதைப் பார்த்துச் செய்ததாக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது அல்சே வெரெட்டைப் பற்றி. அவனைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்று நாளைக்கு ஒருத்தர் கேட்கக் கூடாது பாருங்கள்.

அல்சே முதலில் என் வீட்டுக்கு வந்தது தரை போட. புயல் அடித்த மறு வருஷம் அது. வெள்ளம் என் வீட்டில் இடுப்பளவு நின்று வடிந்திருந்தது. தரைப் பலகையெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. அவன் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் படகுகளுக்குப் பிசின் பூசி, தேய்த்து, ஒட்டியவன். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. மாடி ஏறினால் மூச்சு விசில் அடிக்கும். இன்னொரு வருஷம் அந்த வேலைக்குப் போனால் நேராகக் குழிதான் என்று டாக்டர் சொன்னாராம். "இந்த ஊர்ல குழி ஏது டாக்டர், தோண்டினா தண்ணிதான், தரைக்கு மேல கல்லறை கட்டித்தானே வெப்பாங்க"ன்னு கேட்டேன் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்க வந்தவன், மேஜையில் இருந்த தீக்கோழி இறகு விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் முந்தின நாள்தான் முடித்தது. வெள்ளை இறகு, மூங்கில் காம்பு, பிடியில் முழுக்கக் கல்.

"மிஸ் ஒரேலியா, இது எதுல ஒட்டினது?"

"குளூ கன்ல. ஏன்?"

"சும்மாதான். வெயில்ல வெச்சு ஆடுவாங்களா, நிழல்லயா?"

"அவங்க எங்க ஆடினா உனக்கென்ன. நீ தரையப் பாரு."

அவன் விசிறியைக் கையில் எடுத்தான். கட்டைவிரலால் ஒரு காம்பை லேசாக நெம்பினான், அவ்வளவுதான். காம்பு அவன் கையோடு வந்துவிட்டது. அடியில், துப்பாக்கி மாதிரிக் கருவியில் சூடாக்கிப் பிதுக்கின என் பசை, ஆறின மெழுகு மாதிரி, முழுசாகக் கழன்று உட்கார்ந்திருந்தது. நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூன்று நாள் கொடுங்கள் என்றான். விசிறியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். அந்த விசிறி இன்றைக்கும் ஒரு ஆட்டக்காரியிடம் இருக்கிறது. எத்தனையோ முறை தரையில் விழுந்திருக்கிறது, ஒரு காம்புகூட அசையவில்லை. திறமையை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள் நான். தரை வேலை முடிந்த அன்றைக்கே அவனை என் மேஜையில் உட்கார வைத்துவிட்டேன்.

அவன் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பல் டாக்டர் கொக்கி நாலைந்து, மருந்து நிறுக்கிற குட்டித் தராசு, ஊசி மழுங்கின சிரிஞ்சு, துணி உலர்த்துகிற மரக் கிளிப் ஒரு பை நிறைய, மூக்குக் குறடு, நாலு தினுசு உப்புத்தாள். கூடவே இரும்பு உருளைகள். மேலே தூக்கித் திறக்கிற பழைய வீட்டு ஜன்னல்களின் சட்டத்துக்குள் கயிற்றோடு தொங்குமே, அந்த எடை. புயலுக்குப் பிறகு தெருவெல்லாம் இடிந்த ஜன்னல்தான், அள்ளிக்கொண்டு வந்திருந்தான். இது எதற்கு என்றால், ஒட்டினதில் கட்டித் தொங்கவிடவாம்.

ஒன்றை ஒட்டுவதற்கு முன்னால் அதே சாமானில் ஒரு துண்டு எடுத்து நாலு பசையில் ஒட்டிப் பார்ப்பான். மூன்று மணி நேரம் நடுப்பகல் வெயிலில் என் காருக்குள் வைப்பான். பிறகு ஐஸ் பெட்டியில். பிறகு ஈரத் துண்டில் சுற்றி ராத்திரி முழுக்க. கடைசியில் இரும்பு எடை. நாலில் எது விடவில்லையோ அதுதான். கண்ணாடிக்கும் பித்தளைக்கும் டியூப் பசை, ஆனால் முதலில் இரண்டையும் உப்புத்தாளில் கீறி ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். இறகுக் காம்புக்கு இரண்டு டியூபைக் கலக்கிற பசை, தராசில் நிறுத்துத்தான் கலப்பான். துணிக்கு வளைந்து கொடுக்கிற வெள்ளைப் பசை. கையுறையில் கல் ஒட்டினால் ஆட்டக்காரி அதை விரல் விரலாக உருவிக் கழற்றுவாள் இல்லையா, அப்போது கல்லெல்லாம் மழையாகக் கொட்டக் கூடாது. மார்பு நுனியை மறைக்க ஒட்டிக்கொள்கிற மார்வட்டுக்குள் என்ன தடவுவது என்று பெண்கள் கேட்டால் மட்டும் காது சிவந்துபோய், அது உங்கள் தோல், முழங்கைக்கு உள்பக்கம் ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஜன்னலைப் பார்த்துப் பேசுவான். ஆட்டக்காரிகளுக்கு அவனைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு.

ஸெல்ஃபீன் ஹைடெல்தான் அதிலே முதல் ஆள். பகலில் பல் டாக்டர் ஆபீசில் சீட்டு எழுதுகிறவள், மேடையில் அவள் பெயர் லூலா லாண்டர்ன். அல்சேயின் கொக்கி மழுங்கினால் புதுசு கொண்டுவந்து கொடுப்பது அவள்தான். ஒருமுறை அவளே ஒரு கழுத்துப் பட்டையில் இருநூறு கல்லை நகம் ஒட்டுகிற பசையால் ஒட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் கல்லெல்லாம் பால் ஊற்றின மாதிரி மங்கிப் போயிருந்தது. அந்தப் பசையின் ஆவி கல்லின் முதுகில் இருக்கிற பூச்சைத் தின்றுவிடும். அல்சே ஒரு கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கண்ணில் பூ விழுந்த மீனாட்டம் இருக்கு என்றான். அவள் பட்டையாலேயே அவனை அடித்தாள்.

அவனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஒட்டி வைத்துவிட்டால் எழுபத்திரண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்பான். எனக்கோ நாளைக்கு ஊர்வலம், மறுநாள் ஆட்டம் என்று ஆள் வாசலில் நிற்கும். தொட்டுப் பார்த்தாலே காய்ந்திருக்கிறதே என்பேன்.

"காய்ஞ்சிருக்கான்னு விரல் சொல்லாது மிஸ் ஒரேலியா. கடிகாரம்தான் சொல்லும்."

"நாப்பது வருஷமா என் விரல்தான் எனக்குச் சோறு போட்டுது. உன் கடிகாரம் போடல."

இதற்கும் சிரிப்பான், இருமுவான். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. நல்லாத்தான் ஓடியது.

அந்த அக்டோபரில் ஆட்டக்காரி கொரின் பூஜோலின் கிரீடம் விழுந்தது.

கிரீடம் முழுதாக விழவில்லை, அதன் நெற்றிக் குண்டுதான். வெள்ளத்தில் போன பெரிய வீடுகளிலிருந்து சரவிளக்குக் கண்ணாடிகள் மலிவாகக் கிடைத்த காலம். கோழி முட்டை அளவு ஒரு கண்ணாடிக் குண்டைப் பித்தளைச் சட்டத்தில் நெற்றிக்கு நேராகப் பதித்திருந்தோம். ஆட்டத்தில் கொரின் தலையைச் சிலுப்பினாள். குண்டு சட்டத்தை விட்டுக் கழன்று, கிரீடத்தில் தொங்கின அலங்காரச் சங்கிலியோடு சுற்றி வந்து அவள் புருவத்தில் அடித்தது. ஏழு தையல். அதோடு அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். முன்முடியை வெட்டி நெற்றியை மூடிக்கொண்டாள்.

ஆட்டத்தை நடத்துகிறவள் அயோனி மார்செல். அவளும் ஒரு காலத்தில் ஆடினவள். சுருட்டுக் குடித்த குரல், வார்த்தையை வீணாக்க மாட்டாள். ஒட்டியது யார் என்று கேட்டாள். அல்சே என்றேன். வேறென்ன சொல்வது? ஒட்டியது அவன்தானே. இனி அவன் தொட்ட பொருள் என் மேடையில் ஏறக் கூடாது, அவன் கால் என் மாடிப்படியில் படக் கூடாது என்றாள். நகரத்தில் எத்தனை மேடை இருக்கிறது? நாலு. நாலையும் நடத்துகிறவர்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி செய்கிறவர்கள்தான். ஒரே வாரத்தில் அவனுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

உடைந்த கிரீடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டான். அந்த ரத்தக்கறையைப் பார்க்கச் சகிக்காமல் நான் அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன். அவன் தன் நோட்டைத் திறந்து, எந்தப் பசை, எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை எடை தொங்கவிட்டது என்று திரும்பத் திரும்பப் படித்தான். எங்கே தப்பு பண்ணினேன் என்று தெரியவில்லையே என்றான். பசைதான் விட்டுவிட்டது, விடு என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். எட்டு மாதம் என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஆணிகளைத் தரம் பிரித்துக்கொண்டும், மற்றவர்கள் பெயரில் போகிற சில்லறை வேலைகளைச் செய்துகொண்டும் இருந்தான். ஜூன் மாதம் பட்டறையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாம் என்று இருக்கிறேன் என்றான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு.

அப்போதுதான் ஸெல்ஃபீன் வந்தாள். ஜூலையில் அவளுடைய இருபதாம் வருஷ ஆட்டம், அயோனி நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை பகல் விருந்தில். அவளுக்குக் கண்ணாடிக் குண்டு வைத்த கிரீடம்தான் வேண்டும், அல்சேதான் செய்ய வேண்டும். அயோனி முடியாது என்றாளாம். அப்படியானால் நானும் ஆடவில்லை என்று இவள் சொல்லிவிட்டாள். கடைசியில் அயோனி இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. இதுவும் விழுந்தால் அல்சே வெரெட் என்ற பெயரை இந்த ஊரில் ஒரு ஆட்டக்காரியும் உச்சரிக்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். விழாவிட்டால் பழையதைப் பேச மாட்டேன் என்றாள்.

ஸெல்ஃபீன் ஆட்டம் எப்படி முடியும் தெரியுமா? பின்பக்கமாக வில் மாதிரி வளைந்து, தலை தரையைத் தொடுகிற வரை போவாள். அந்த நிலையில் முரசுக்காரன் பதினாறு அடி அடிக்கிறவரை நிற்பாள். அப்போது குண்டு அவள் கண்ணுக்கு மேலே தொங்கும்.

அல்சே அந்தக் கிரீடத்துக்கு ஒன்பது துண்டு ஒட்டிப் பார்த்தான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குண்டை வைத்து, கிளிப் போட்டு, நோட்டில் எழுதினான். ஞாயிறு காலை ஏழுக்குக் கிளிப்பை எடுக்கலாம், ஏழு வரைக்கும் காற்றுப் பட இருக்கட்டும், ஆட்டம் பன்னிரண்டரைக்குத்தானே, கிளிப்பை எடுத்தப்புறம் இறகை நீங்க கட்டுங்க என்று சொல்லிவிட்டு நெஞ்சு டாக்டரைப் பார்க்கப் போனான்.

இறகு கட்டுவது என் வேலை. ஞாயிறு காலையில் இறகு கட்டி முடியுமா? நாற்பது இறகு. அதனால் வியாழன் மதியமே எடுத்துவிட்டேன். தொட்டுப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. என் கடையிலிருந்து ஒரு பொருள் என் கை படாமல் படி இறங்கினதில்லை. எப்போதும் போல, குண்டைச் சுற்றி ஓரமெல்லாம் குளூ கன்னால் ஒரு கோடு இழுத்தேன். இரட்டைப் பாதுகாப்பு. அவன் பசை ஓரம் சொரசொரவென்று தெரியும், அதை மறைத்த மாதிரியும் ஆயிற்று. மேலே சரிகைப் பட்டி சுற்றி, இறகு கட்டி, மறுபடி கிளிப்பை மாட்டி அலமாரியில் வைத்தேன். இப்படிக் கோடு இழுக்கிற பழக்கத்தை அது வரை நான் அவனிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றியதில்லை.

ஞாயிறு பத்தரைக்கெல்லாம் கிரீடப் பெட்டியோடு அயோனியின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காரில் ஏசி கிடையாது. பெட்டி பின்சீட்டில் வெந்துகொண்டு வந்தது. கீழே முற்றத்தில் மேஜைகள் நிறைந்துவிட்டன. இறாலும் சோளக்கஞ்சியும் முட்டையும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், ஆரஞ்சு சாறில் ஷாம்பெயின் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். மேலே ஒப்பனை அறையில் மூன்று மின்விசிறி சுற்றியும் பவுடர் முகத்தில் நிற்கவில்லை. அல்சே வரக் கூடாது என்பதால் எதிர்ப்பக்க நடைபாதையில், ஒரு மாடத்து நிழலில் நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு இந்த ஜன்னலையே பார்த்தபடி.

பதினொன்றரைக்கு ஸெல்ஃபீன் தலைமுடியை ஒட்டக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கிரீடத்தை வெளியே எடுத்தேன். சரிகை ஒரு இடத்தில் நகர்ந்திருந்தது. சரி செய்யலாம் என்று கட்டைவிரலை வைத்து அமுக்கினேன்.

என் கோடு நழுவியது.

உருகியிருந்தால்கூடப் பரவாயில்லை. இது வழுக்கியது, வெண்ணெய் தடவின மாதிரி. நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன். உள்ளே இருந்து அந்த டியூப் பசை வாடை குப்பென்று மூக்கில் ஏறியது, இன்றைக்குப் பிதுக்கின மாதிரி. மூன்று நாள் ஆகியும் உள்ளே ஈரம். குண்டைத் தொட்டேன், அரை அங்குலம் சுழன்றது.

எனக்குக் காரணம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பசையில் இருக்கிற ஆவி வெளியே போனால்தான் அது கல்லாகும். நான் சுற்றி அணை கட்டிவிட்டேன். ஆவி வெளியே போக வழியில்லாமல், அவன் பசையையும் காயவிடாமல், என் பசையையும் கீழேயிருந்து கரைத்திருக்கிறது. மற்ற சாமான்களில் அவன் மூன்று நாள் கழித்துக் கொடுத்த பிறகு கோடு இழுத்தேன், தப்பித்தது. இதில் அவசரப்பட்டேன்.

கொரின் கிரீடத்திலும் அவசரப்பட்டேன். அன்றைக்கும் ஆள் வாசலில் நின்றிருந்தது. வைத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, கோடு இழுத்தேன். அந்த நினைப்பு வந்ததும் கிரீடத்தை மேஜையில் வைத்துவிட்டேன். 

இப்போது ஒன்று செய்யலாம். குண்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சட்டத்தில் விரிசல், குண்டில்லாமல் ஆடு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் அடி படாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அயோனி என்ன சொல்வாள்? பயந்துபோய்க் கழற்றிவிட்டான் பார் என்பாள். அல்சே பட்டறைக்குப் போவான். நான் அதைப் பைக்குள் வைத்திருப்பேன். அதையே செய்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஸெல்ஃபீன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, என்ன ஆச்சு, முகம் வெளுத்துப் போச்சு, தண்ணி வேணுமா என்றாள். அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கிரீடத்தோடு படி இறங்கினேன்.

தெருவைக் கடந்து அவன் முன்னால் போய் நின்றேன். கிரீடத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"விட்டுடுச்சா?"

"உன் பசை விடல. காயவே இல்ல. வியாழக்கிழமை மத்தியானம் நான் சுத்தி குளூ கன் போட்டேன்."

வாங்கி முகர்ந்து பார்த்தான். குண்டை ஒரு விரலால் சுழற்றினான்.  

"கொரினுக்கும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எப்ப?"

"நீ வெச்சு ரெண்டு மணி நேரத்துல."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் மூச்சை இழுத்து விட்டான், நெஞ்சு விசில் அடித்தது. எட்டு மாசமா அந்த நோட்டப் படிச்சேன் என்று மட்டும் சொன்னான், என்னிடம் இல்லை, கிரீடத்திடம். பிறகு மணியைக் கேட்டான். பதினொன்று நாற்பத்தைந்து. சட்டைப் பையிலிருந்து மூக்குக் குறடை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

மாடிப்படி பாதியில் அயோனி நின்றாள்.

"இந்தப் படியில இவன் கால் படக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னே. கொரின் நெத்தியக் கிழிச்சது இவன் இல்ல அயோனி. நான்." சத்தமாகச் சொன்னேன். மேலே கதவு திறந்திருந்தது, உள்ளே பேச்சு நின்றது. என்ன செய்தேன் என்று நாலு வார்த்தையில் சொன்னேன்.

"எட்டு மாசம் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும்."

"இப்பத்தான் தெரிஞ்சுது."

"நான் நம்பணும்."

"நம்ப வேணாம். அமுக்கிப் பாரு."

அமுக்கினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அவளும் ஒரு காலத்தில் தன் விசிறியைத் தானே ஒட்டினவள், புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மாதிரி என்னை யாரும் பார்த்து ஐம்பது வருஷம் இருக்கும். சுவரோரம் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள்.

உள்ளே ஸெல்ஃபீன் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "அப்பறம் பேசிக்கலாம் மிஸ் ஒரேலியா. அல்சே, எத்தனை நிமிஷம்?"

"இருவத்தஞ்சு."

"எனக்கு முப்பது இருக்கு. உக்காரு."

அரை மணியில் எந்தப் பசையும் பிடிக்காது. அதை அவன் யோசிக்கக்கூட இல்லை. பிரஷ் கழுவுகிற ஸ்பிரிட்டை வாங்கிப் பஞ்சில் நனைத்து என் கோட்டின் ஓரத்தில் வைத்தான். அது தோல் உரிகிற மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. குண்டைக் கையில் எடுத்துத் துடைத்தான். கம்பி வேண்டும் என்றான். ஒப்பனை அறையில் கொண்டை ஊசிதான் இருந்தது, அது வளையும். சுற்றுமுற்றும் பார்த்தவன், கீழே பாட்டில் திறக்கிற சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தான். ஷாம்பெயின் தக்கையை அமுக்கிப் பிடிக்க ஒரு கம்பிக் கூடு இருக்குமே, அது.

அயோனி தானே இறங்கிப் போய் ஆறு கூடு அள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கூட்டைக் குண்டின் மேலும் கீழுமாகக் கவிழ்த்தான், புலி நகத்தில் பிடித்த மாதிரி. மற்றதைப் பிரித்து, முறுக்கி, பித்தளைச் சட்டத்தின் துளைகள் வழியாக நுழைத்துப் பின்பக்கம் கட்டினான். படகில் கயிறு கட்டுகிற கட்டு, ஒன்றின் மேல் ஒன்று. விரலில் கம்பி குத்தி ரத்தம் வந்தது, வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.  நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறகில் கை வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

முடிந்ததும் நிறைந்த பாட்டில் ஒன்றைக் குண்டின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். எண்ணிக்கொண்டே வெடுக்கென்று மேலே இழுத்தான், மூன்று தரம். ஒரு கம்பி டிக் என்றது. எல்லார் முகமும் திரும்பியது. அந்த ஒன்றை அறுத்துவிட்டு வேறு போட்டான். மறுபடி பாட்டில், மறுபடி மூன்று இழுப்பு. சத்தமில்லை. கீழே முரசு ஆரம்பித்துவிட்டது.

"ஸெல்ஃபீன், குண்டு கொஞ்சம் ஆடும். ஆடட்டும். ஆடறது விழாது. ஆனா உங்களுக்குப் பயமா இருந்தா இப்பவே கழட்டித் தரேன். என் பேருக்காக நீங்க கண்ணப் பணயம் வெக்க வேணாம்."

அவள் தலையைக் குனிந்து காட்டினாள். வைத்துக் கட்டினான்.

நான் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று பார்த்தேன். ஆயிரம் ஆட்டம் பார்த்த கண் எனக்கு. அன்றைக்கு அவள் கையையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. கையுறை போயிற்று, மேலங்கி போயிற்று, ஜனம் கத்துகிறது, எனக்கு அந்தக் குண்டு ஒன்றுதான் தெரிந்தது. முற்றத்து வெயில் பட்டு அது சுவரெல்லாம் ஒளியைத் தெளித்தது. கடைசியில் விசிறியை இரண்டு பக்கமும் விரித்துப் பின்னால் சாய ஆரம்பித்தாள். இறகு தரையைத் தொட்டது. குண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது.  முரசு எண்ண ஆரம்பித்தது. ஏழாவது அடியில் இன்னும் கொஞ்சம் சரிந்து, அவள் இமைக்கு நேர் மேலே வந்து, அங்கே நின்று ஊசலாடியது. அயோனி என் தோளைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது பிறகுதான் தெரிந்தது. பதினான்கு, பதினைந்து, பதினாறு. ஸெல்ஃபீன் நிமிர்ந்தாள்.

அல்சே பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடியை எண்ணிக்கொண்டிருந்தான். கைதட்டல் கேட்டதும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

அயோனி அவனிடம் போனாள். மன்னிப்பெல்லாம் அவளுக்கு வராது. கார்னிவல் திருவிழாவுக்கு எட்டுக் கிரீடம் வேணும், நாளைக்கு வந்து பேசு, நேரா எங்கிட்ட வா என்றாள். அந்த 'நேரா' எனக்கு விழுந்த குத்து, இனி நடுவில் நான் வேண்டாம் என்று.

அவன் என்னோடு காரில் திரும்பவில்லை. பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "உங்க மேல கோபம் எத்தனை நாள் இருக்கும்னு எனக்கே தெரியல. இருக்கற வரைக்கும் இருக்கட்டும். நான் வெச்சது வெச்சபடி இருக்கற ஒரு மேஜை எனக்கு வேணும், தனியா பாத்துக்கறேன். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கொரின்கிட்ட நீங்களே போய் சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் அவ எனக்காக சொல்றாங்கன்னு நெனப்பா."

அவன் மச்சான் வீட்டு கார் கொட்டகையில் கடை போட்டான். பட்டறைக்குப் போகவில்லை. இன்றைக்கு ஐந்து ஊரிலிருந்து அவனுக்கு வேலை வருகிறது. வரட்டும். நெம்பின கட்டைவிரலைப் பார்த்த மாத்திரத்தில் இவன் யார் என்று கண்டுபிடித்தது நான்தான், அதை யாரும் மாற்ற முடியாது.

ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், பீன்ஸை ஊறவைத்துவிட்டு கொரினிடம் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் கடை, சிக்கரி காபியும் சர்க்கரைப் பணியாரமும். ஒண்டி ஆளாக நடத்துகிறாள். முன்முடி புருவம் வரை. நான் எதிரில் நின்றபடியே சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை. அவள் ஒருவருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் உள்ள விடல. ரெண்டு மணி நேரம் வாசல்ல நின்னுட்டுப் போனான்னு நர்ஸ் சொன்னா. அதுக்கப்பறம் தெருவுல அவனப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுவேன். அவன் தொப்பிய எடுப்பான். நான் பாக்காத மாதிரி போவேன்."

"தெரியும் தங்கம்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

 அவள் ஏப்ரனை அவிழ்த்து என் மேல் போட்டாள். அல்சே இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். சொன்னேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அதெல்லாம் வேணாம், நீங்க கடையப் பாருங்க என்று பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி நடந்துவிட்டாள்.

நாற்பது வருஷமாக ஒருவரிடமும் கைகட்டி நிற்காதவள் நான். ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். அவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பதினேழு பேருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். ஒருத்தரும் குறை சொல்லவில்லை.